வேம்பும் இலுப்பையும் கடலேறிய நாட்கள்

தை பிறந்ததும் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் கட்டும் வேலை தொடங்கிவிடும். காலி டிரம்களை வரிசையாக அடுக்கி, மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, பலகை பரப்பி, மேலே அலங்காரக் கூடு எழுப்புவார்கள். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அதில் எழுந்தருளி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். சிறு வயதில் நான் அருகில் நின்று பார்த்த ஒரே கலம் அதுதான். கட்டத் தொடங்கும் முன் ஒருவர் ஒவ்வொரு டிரம்மையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். ஒலி மாறினால் அந்த டிரம் ஒதுக்கப்படும். ஓட்டையைத் தண்ணீர் கண்டுபிடிப்பதற்குள் கை கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதை நான் முதலில் அறிந்தது அங்கேதான்.

1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம், என் இளமையில் பெரும்பாலும் வறண்டு கிடந்தது. பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் மிதக்காமல் நிலைத் தெப்பமாகவே நின்றது. பின்னர் வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்தார்கள். இப்போது குளத்தில் நீர் நிற்கிறது. தெப்பம் வடம் இழுக்க அசைந்து நகர்கிறது. அன்று தெப்பம் இருந்தும் நீர் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. மாற்றம் என்றாலே இழப்புதான் என்று எண்ணிவிடாமல் இருக்க, இந்தக் குளத்தை நான் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

மதுரைக்குக் கடல் இல்லை. கிழக்கே போனால் தொண்டி, தெற்கே போனால் தூத்துக்குடி. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். ஆனாலும் இந்தச் சமவெளியில் நிற்கும் மரங்களுக்குக் கடலோடு பழைய உறவு உண்டு. ஊர் மந்தையில் வேம்பு, கோயில் தோப்பில் இலுப்பை, கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம், வாய்க்கால் கரையில் வாகை. நாம் நிழலுக்கும் விளக்கெரிக்கும் எண்ணெய்க்கும் விறகுக்குமாக அறிந்திருக்கும் இந்த மரங்களைத்தான் தமிழ்க் கடற்கரையின் மரக்கலத் தச்சர்கள் கலங்களுக்குத் தேடினார்கள். அந்தத் தச்சருக்கு ‘ஓடாவி’ என்று பெயர். வீட்டுத் தச்சர் கதவுக்கும் உத்தரத்துக்கும் நேரான மரம் தேடுவார். ஓடாவி வளைந்த கிளையைத் தேடுவார். கலத்தின் விலாச்சட்டத்துக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நரம்பு அறுபட்டு, அலை மோதும்போது அந்த இடத்தில் பிளக்கும். வளைந்தே வளர்ந்த கருவேலத்தில் நரம்பும் வளைவோடு ஓடும், அது பிளக்காது. உழவன் வேண்டாம் என்று விட்ட கோணல் மரம், கலத்துக்கு முதுகும் விலாவும் ஆயிற்று.

இந்த மரங்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஒரு கலத்தின் கதை போதும். யாழ்ப்பாணக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையில் 1930இல் ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. நீளம் 89 அடி. இரண்டு பாய்மரம். வேம்பும் இலுப்பையும் கொண்டு அவ்வூர் ஓடாவிகள் கட்டியது. சில ஆண்டுகள் கழித்து வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். கலத்தின் தரம் அறிந்த கண். 1937இல் அது புறப்பட்டது. வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்தினார்கள். செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. ஊர் மந்தையில் நிற்கும் அதே வேம்பு, அட்லாண்டிக்கின் அக்கரையில் போய் நங்கூரம் இட்டது.

அப்படிப்பட்ட பயணத்துக்கு ஒரு கலம் எப்படி ஆயத்தமானது என்பதை அறிய, யாழ்ப்பாணம் வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடித் தோணியைப் பார்த்தால் போதும். மதுரைச் சமவெளிக்கும் அந்தத் தோணிக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. 1870களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தபின், எங்கள் கரிசலின் பருத்திப் பொதிகள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. கரையோரக் கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரம் இட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே பொதிகளைச் சுமந்தவை தோணிகள். அதே தோணிகள் தாமாகவே கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய்வந்தன. கொழும்பு ஏறக்குறைய 150 கடல் மைல். மாலே ஏறக்குறைய 400.

தோணிக்கு ஓய்வு தந்தது காற்று. வைகாசி முடிந்து கச்சான் வலுத்தால் மன்னார் வளைகுடா சீறத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று அடங்கும்வரை தோணி கடலுக்குப் போகாது. அந்த மூன்று மாதங்கள்தான் பழுது பார்க்கும் காலம். தோணியைக் கரையேற்றி, ஒரு பக்கம் சாய்த்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுவார்கள். பிறகு ஓடாவி வருவார். கையில் சுத்தியல். அணியத்திலிருந்து தொடங்கிப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு பின்பக்கம் போவார். நல்ல மரம் மணி போல் ஒலிக்கும். புழு குடைந்த மரம் பூசணியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். கடலில் வாழும் அந்தப் புழு வெளியே ஊசித்துளை அளவு வாயிட்டு உள்ளே விரல் பருமனுக்குக் குடையும். வெளித் தோற்றத்தில் முழுப் பலகை. உள்ளே வெறும் கூடு. கண்ணை நம்பாமல் காதை நம்பியது அதனால்தான்.

கெட்ட பலகையைக் கழற்றிப் புதிய பலகை வைத்தபின் கலப்பற்று நடக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்குகளில், எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்துச் செலுத்துவார்கள். மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசி இடுக்கை மூடுவார்கள். திரியைத் தளர்வாக அடித்தால் கடலில் பிதுங்கி வெளியேறும். அளவுக்கு மேல் இறுக்கினால், மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது பலகையே பெயரும். கரையில் கிடந்த மாதங்களில் வெயிலில் சுருங்கிய பலகை, கடலில் இறங்கிய சில நாளில் ஊறிப் பெருத்துத் திரியை நெருக்கிப் பிடிக்கும். மரம் சுருங்கும் அளவையும் பருக்கும் அளவையும் முன்கூட்டியே கணித்து அடிப்பதுதான் கலப்பற்றுக்காரரின் திறமை. அந்தக் கணக்குக்கு ஏடு இல்லை. அவரது மணிக்கட்டில் இருந்தது அது.

நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து பூசுவார்கள். புழு அண்டாதிருக்க அதுவே காவல். உள்பக்கம் மீனெண்ணெய். மறுபுறம் பாய் விரிக்கப்பட்டிருக்கும். பருத்தித் துணியை அகலத்துக்கு அகலம் மூட்டித் தைத்த பாய்; நைந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப் போடுவார்கள். பருமலில் வெடிப்பு இருக்கிறதா, பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது, சுக்கானின் இரும்பு எவ்வளவு துருவேறியிருக்கிறது என்று தண்டல் தானே நின்று பார்ப்பார். தோணியின் தலைவருக்குத் தூத்துக்குடியில் ‘தண்டல்’ என்று பெயர், வல்வெட்டித்துறையில் ‘தண்டையல்’. கயிற்றைக் கையில் உருவிக்கொண்டே போனால், தேய்ந்த இடம் உள்ளங்கையில் சொரசொரப்பாகத் தட்டுப்படும்.

கச்சான் தணிந்து ஆவணி போய்ப் புரட்டாசி வரும்போது பூசை போட்டுத் தோணியைக் கடலில் இறக்குவார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, புளி, விறகு, குடிநீர் ஏறும். திசைகாட்டி ஒன்று, ஆழம் பார்க்கும் ஈயக் குண்டு ஒன்று, இரவுக்கு வடக்கே துருவ நட்சத்திரம். புறப்பட்ட தோணி கொழும்பை அடைந்ததா என்பது, அங்கிருந்து தந்தியோ திரும்பி வரும் இன்னொரு தோணியோ சொன்னால்தான் கரைக்குத் தெரியும். அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி யாராலும் எழுதப்படாமலே போயிற்று. ஜோ டி குரூஸ் தம் ‘கொற்கை’ நாவலில் தோணித் தொழிலையும் அதைச் சார்ந்த மக்களையும் விரிவாகப் பதிந்தார். 2013இல் அந்த நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஓடாவியின் கணக்கு ஏட்டில் ஏறவில்லை. அவர் கட்டிய தோணியில் போனவர்களின் கதையாவது ஏறியது.

இன்றும் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. ஆனால் அவை எஞ்சின் தோணிகள். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபின் கப்பல்கள் கரையை ஒட்டியே வந்து நின்றன. பொதி சுமக்கும் பழைய வேலை தோணிக்கு இல்லாமல் போனது. பிறகு கண்டெய்னர் வந்தது. கொழும்புச் சரக்கில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்வது தோணிக்கு எஞ்சியது. முன்பு பாய்மரத்தை நம்பியது, பிறகு பாயோடு எஞ்சின், பின்னர் எஞ்சின் மட்டும் என்று படிப்படியாக மாறியது. எஞ்சின் வந்ததால் காற்றுக்குக் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. சரக்கு அழுகுவது குறைந்தது. கூடவே பாய் தைப்பவரின் வேலையும் குறைந்தது. பாய் இல்லாத தோணிக்குக் காற்றின் நுணுக்கம் தெரிந்த தண்டலும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

பாய் விரித்துக் கடல் கடக்கும் கலை அதோடு நம்மை விட்டுப் போய்விடவில்லை. அது வேறு கரைக்கு, வேறு கைகளுக்கு இடம் மாறியது. கோவாவில் இந்தியக் கடற்படைக்காக ‘ஐஎன்எஸ்வி தாரிணி’ என்ற பாய்ப்படகு கட்டப்பட்டு, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. ஒடிசாவில் கடலோடிகள் வணங்கும் தாரா தாரிணி அம்மனின் பெயர். நீளம் 56 அடி. அன்னபூரணியை விட 33 அடி குறைவு. 2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் புறப்பட்டு, 254 நாளில் உலகைச் சுற்றி 2018 மே மாதம் கோவா திரும்பினார்கள். 2024 அக்டோபர் 2ஆம் நாள் அதே படகில் இருவர் மட்டும் புறப்பட்டார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஃபிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கு துறைகளில் நின்று, 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்து, 2025 மே 29இல் திரும்பினார்கள். கிலோமீட்டரில் 46,000க்கும் மேல்.

தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது என்னை நிறுத்தியது ஒன்று உண்டு. தோணி புரட்டாசியில் இறங்கி வைகாசியில் கரையேறும். இரண்டாவது பயணத்தில் தாரிணியும் புரட்டாசியில் புறப்பட்டு வைகாசியில் திரும்பியது. காரணம் வேறு. தோணி கச்சானுக்கு அஞ்சியது. தாரிணி, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைத் தென்கோளத்தின் கோடையில், அதாவது நமக்கு மாசி மாதத்தில், கடக்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்திலும் புறப்படும் நாளைக் குறித்துக் கொடுப்பது காற்றுதான்.

அந்தப் படகை அடுத்த பயணத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி? தோணியில் செய்தவற்றில் பெரும்பாலானவை இதிலும் உண்டு. பொருளும் கருவியும்தான் மாறியிருக்கின்றன. தாரிணியின் உடல், மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் கண்ணாடி இழையும் பிசினும் பூசிய அடுக்கு. மரம் முற்றிலும் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறது. பலகை இடுக்கே இல்லாததால் கலப்பற்று இல்லை. இத்தகைய படகை நீரிலிருந்து தூக்கி நிறுத்தினால், அடியைக் கழுவி, சிப்பி ஒட்டாத வேதிப் பூச்சு பூசுகிறார்கள். முன்பு சுண்ணாம்பும் கொழுப்பும் செய்த வேலை அது. பிறகு உடலைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆம், இங்கேயும் சிறு சுத்தியலால் தட்டித்தான். அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகும். ஓடாவியின் காது கேட்ட அதே மந்த ஒலி.

பாய்மரத்தை இறுக்கி நிற்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளின் முனைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஒருவரைக் கயிற்று இருக்கையில் உச்சிவரை ஏற்றுகிறார்கள். அவர் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். துணியால் கம்பியை உருவுகிறார். அறுந்த நுனி இருந்தால் துணி சிக்கும். தண்டலின் உள்ளங்கைக்குப் பதில் இங்கே துணி. சுக்கானின் தாங்கிகள் தேய்ந்திருக்கின்றனவா, அடியில் தொங்கும் கனமான நிலைச்சுமையின் ஆணிகள் உறுதியா, கடல்நீர் உள்ளே வரும் குழாய்களின் வால்வுகள் அடைபடுகின்றனவா என்று பட்டியல் நீள்கிறது. பாய் இப்போது பருத்தி இல்லை, செயற்கை இழை; மழையில் கனக்காது, அழுகாது, ஆனால் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். அதனால் தையல் நூல்தான் முதலில் போகும். சாதாரணப் பாயோடு, புயலுக்கென்று சிறிய கெட்டிப் பாயும் ஏற்றப்படுகிறது.

அன்று பீப்பாயில் ஏற்றிய குடிநீர், இன்று கடல்நீரையே நன்னீராக்கும் கருவியில் கிடைக்கிறது. கருவாட்டுக்கும் புளிக்கும் பதில், மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் உலர்த்திப் பொதிந்து தந்த உணவு. ஈயக் குண்டுக்குப் பதில் எதிரொலிக் கருவி. துருவ நட்சத்திரம் தெற்கே போகப் போகத் தாழ்ந்து, நிலநடுக்கோட்டில் மறைந்துவிடும். அதற்குப் பதில் ஜிபிஎஸ். படகு எந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தோணிக்காரரின் மனைவி வாரக்கணக்கில் கடலைப் பார்த்துக் காத்திருந்தது, இன்று இல்லாமல் போய்விட்ட துயரங்களில் ஒன்று. அதை நினைக்கும்போது பழைய காலத்தின்மேல் எனக்கு ஏக்கம் வருவதில்லை.

ஆனால் எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் கடல் தன் பங்கைக் கேட்கும். 2018இல் முதல் சுற்றின் கடைசிக் கட்டத்தில் தாரிணியின் சுக்கான் இயங்கும் அமைப்பில் பழுது ஏற்பட்டது. மொரிஷியஸின் போர்ட் லூயி துறைக்குப் போய்ச் சரிசெய்த பின்பே கோவா வர முடிந்தது. இரண்டாவது பயணத்தில் ஒவ்வொரு துறையிலும் நின்ற நாட்கள் இளைப்பாறுதலுக்கு மட்டும் ஆனவை அல்ல. 2024 நவம்பர் 9இல் ஃபிரிமாண்டிலை அடைந்து, இரண்டு வாரம் படகைச் சீர்செய்து, 24இல் புறப்பட்டார்கள். டிசம்பர் 22இல் லிட்டல்டன். அங்கேயும் ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குப் பின்னே இருந்தது, உதவிக்கு ஓடிவரக் கரையே இல்லாத தென் பசிபிக். தோணி மூன்று மாதம் கரையில் கிடந்து செய்ததை, இந்தப் படகு இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரித்து வேறு வேறு நாடுகளில் செய்கிறது. நடுக்கடலில் கிழிந்தால் தைப்பதும் உடைந்தால் ஒட்டுவதும் அந்த இருவர்தான். ஓடாவி, கலப்பற்றுக்காரர், பாய் தைப்பவர், தண்டல் என்று நான்கு பேராய்ப் பிரிந்திருந்த அறிவை இரண்டு பெண்கள் தமக்குள் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெற்றது எது என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வேன். தோணியில் பெண் மாலுமி என்ற பேச்சே இருந்ததில்லை. கடலோரப் பெண்ணுக்குக் கடல், கணவனையும் மகனையும் கொண்டுபோகும் ஒன்றாக மட்டுமே இருந்தது. இன்று ஒரு புதுச்சேரிப் பெண் சுக்கானைப் பிடித்து உலகைச் சுற்றியிருக்கிறார். அடுத்தது உயிர். புயல் முன்னறிவிப்பு, அபாயச் சமிக்ஞை தரும் கருவி, காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பம், 1977இல் உருவான கடலோரக் காவல் படை ஆகியவை தோணிக்காரரின் பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கின்றன. இன்றும் தோணி மூழ்கும் செய்தி வருவதுண்டு; கூடவே ஆட்கள் மீட்கப்பட்ட செய்தியும் வருகிறது. மூன்றாவது, அறிவு பதிவாவது. தாரிணிக்கு வரைபடம் உண்டு; சேதமானால் அதே அளவில் மறுபடி செய்யலாம்.

இழந்தது எது? அதற்குப் பதிலை ‘ஐஎன்எஸ்வி கௌண்டின்யா’ என்ற மற்றொரு கலத்தில் காண்கிறேன். ஆணியே இல்லாமல், தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் பழைய முறையில் கோவாவில் கட்டி, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்த பாய்க்கப்பல் அது. மாதிரிக்கு அஜந்தா ஓவியம் ஒன்றுதான் இருந்தது. அந்தக் காலத்து வரைபடமோ கணக்கோ எஞ்சவில்லை. தைக்கும் கை தெரிந்தவர்களைக் கேரளத்தில் தேடிப் பிடித்தார்கள். அது கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறியச் சென்னை ஐஐடியில் சிறு மாதிரியை நீரில் விட்டுச் சோதித்தார்கள். ஒரு காலத்தில் கரையோரத் தச்சர் நினைவிலிருந்தே செய்ததை மீட்க, இன்று அறிஞர் குழுவும் ஆய்வகமும் வேண்டியிருந்தன. ஒரு கையறிவு போனபின் அதைத் திரும்பப் பெற எவ்வளவு செலவாகும் என்பதை அந்தக் கலம் காட்டுகிறது. தூத்துக்குடியின் கலப்பற்று இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. போவதற்கு முன் அதை எழுதிவைக்கவும் படமெடுக்கவும் இன்றைக்கு அதிகச் செலவு ஆகாது.

இன்னொரு இழப்பு மண்ணில் இருக்கிறது. அன்னபூரணியில் எதுவும் பழுதானால், அதற்கு மாற்று பெரும்பாலும் பக்கத்து ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது. மரம், பஞ்சு, எண்ணெய், கயிறு எல்லாம் கூப்பிடு தூரத்தில். தாரிணி போன்ற படகின் மின்னணுப் பலகை ஒன்று நின்றுபோனால், அதற்கான பொருள் வேறொரு நாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். தொலைவைக் கடக்கும் ஆற்றல் கூடியது. தன் கையால் தன்னைத் தேற்றிக்கொள்ளும் ஆற்றல் குறைந்தது. கலத்துக்கும் வயலுக்கும் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலும் அதோடு அறுந்தது. கருவேலத்தின் கோணல் கிளையைப் பார்த்து, இது ஒரு தோணிக்கு விலாவாகும் என்று சொல்லும் கண் இப்போது எங்கள் கண்மாய்க்கரையில் இல்லை. பல கண்மாய்களில் நாட்டுக் கருவேலம் இருந்த இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. இலுப்பைத் தோப்புகள் அருகிவிட்டன. கோயில் வாசலில் தனித்து நிற்கும் இலுப்பைகள் சில இருக்கின்றன. பங்குனியில் அவற்றின் பூ உதிரும்போது மட்டும் நாம் நிமிர்ந்து பார்க்கிறோம்.

இந்தத் தையிலும் தெப்பக்குளத்துக்குப் போயிருந்தேன். குளத்தில் நீர் படிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிரம்கள் கரையில் வரிசையாகக் கிடந்தன. நடுவயதுக்காரர் ஒருவர் குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன், மகனாக இருக்கலாம். ஒரு டிரம்மைத் தட்டிவிட்டு அவர் தாண்டிப் போனார். அந்த இளைஞன் நின்று அதையே மறுபடி தட்டினான். காதை அருகில் கொண்டுபோய் இன்னொரு முறை தட்டினான். “இதுல சத்தம் அடங்குதுப்பா” என்றான். அவர் திரும்பி வந்து தாமும் தட்டிப் பார்த்தார். தலையசைத்து, அதை உருட்டித் தனியே வைத்தார். பிறகு அடுத்த டிரம்மிலிருந்து அந்த இளைஞனே தட்டத் தொடங்கினான். அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டு வந்தார்.